கடைக் கம்ப்யூட்டருக்கு எந்த கெர்னல்: 5.15-லேயே இருக்கவா, 6.17-க்குப் போகவா?

மணிமுத்தாறு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். விருத்தாசலத்தில் டி.டி.பி., ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் சேர்த்து ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். பத்து வருஷமாக லினக்ஸ்தான். இதுவரை கெர்னலை, அதாவது லினக்ஸின் அடியில் நின்று கம்ப்யூட்டரின் உறுப்புகளை ஓட்டும் பகுதியை, பற்றி யோசித்ததே கிடையாது. இப்போது யோசிக்க வேண்டியதாகிவிட்டது.

கடையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று 2014-ல் வாங்கின டெஸ்க்டாப். இன்டெல் நாலாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம். இரண்டு மானிட்டர் வேண்டும் என்று ஒரு தனி கிராஃபிக்ஸ் அட்டையும் அப்போதே போட்டேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, நோட்டீஸ் எல்லாம் இதில்தான். லினக்ஸ் மிண்ட் 21.3, கெர்னல் 5.15. ஒரு நாள் கூட மக்கர் பண்ணியதில்லை.

இன்னொன்று செப்டம்பரில் வாங்கின ரைசன் லேப்டாப். அதே பென்டிரைவில் இருந்து அதே மிண்டைப் போட்டேன். எல்லாம் வந்தது, வைஃபை மட்டும் வரவில்லை. பட்டியலே காட்டவில்லை. வைஃபை சிப் 8852பிஇ என்று காட்டுகிறது.

தீபாவளிக்கு என் அண்ணன் மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். ஐ.டி.யில் இருக்கிறான். "அத்தை, 5.15 எல்லாம் 2021-ல வந்தது. அதை வச்சுக்கிட்டு ஜனங்களோட ஆதார் நம்பரெல்லாம் அடிக்கிறீங்களே" என்று கேட்டுவிட்டு, 6.17-ஐ இறக்கி இரண்டிலும் போட்டான். அவன் பஸ் ஏறின பிறகுதான் நான் கடையைத் திறந்தேன். டெஸ்க்டாப்பில் எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக, ஒரு மானிட்டர் மட்டும் எரிகிறது. கூடவே அப்டேட் போடும்போதெல்லாம் ஏதோ ஹெட்டர் பொதி உடைந்திருக்கிறது என்று வருகிறது. லேப்டாப் கையொப்பம் சரியில்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. போன் பண்ணினால் "செக்யூர் பூட்டை அணைச்சிடுங்க அத்தை" என்கிறான்.

நல்லவேளை, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே பூட் பண்ணினால் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு வாடிக்கையாளர் பையன் சொல்லிக் கொடுத்தான். மூன்று வாரமாகத் தினமும் காலையில் அப்படித்தான் 5.15-க்குள் போய் வேலை பார்க்கிறேன்.

5.15 நிஜமாகவே ஆபத்தா? எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். ஸ்காலர்ஷிப், வருமானச் சான்று என்று வருகிறவர்கள் பாஸ்புக்கையும் ஆதாரையும் நம்பித்தான் என் கையில் கொடுக்கிறார்கள். அந்த லேப்டாப்புக்குப் புதுசுதான் தீர்வா என்பது அடுத்தது. இன்னும் ஒன்று: பிடிஎஃப்பில் சில நேரம் தமிழ் எழுத்து உடைந்து ஆங்கில எழுத்தாக வருகிறது, புது கெர்னல் போட்டால் அது சரியாகுமா?

---

ஆர்ச்சில்_ஆறாண்டு எழுதியது:

அக்கா, நான் ஆர்ச் லினக்ஸ் ஆளு. ஆறு வருஷமா எப்பவும் இருக்கறதுலயே புது கெர்னல்தான். அதனால உங்க அண்ணன் மகன் பக்கம் கொஞ்சம் பேசிடறேன். லேப்டாப்புக்குப் புதுசு வேணும்னு அவர் சொன்னது தப்பே இல்ல. 8852பிஇ-க்கு டிரைவர் கெர்னல் 6.2-லதான் வந்துச்சு, 2023 பிப்ரவரி. 5.15-க்குள்ள அதுக்கு டிரைவரே கிடையாது, அதான் அந்த வைஃபை கண்ணத் திறக்கல. உங்களுது ரைசன்னு வேற சொல்றீங்க. 6.5-லேர்ந்து ஏ.எம்.டி. செயலிக்கு பி-ஸ்டேட் ஈ.பி.பி.ங்கற மின்சாரத்த மிச்சம் பிடிக்கற முறை தானாவே இயங்க ஆரம்பிச்சுது. என் லேப்டாப்புல அதுக்கப்புறம் பேட்டரி நிக்கிற நேரம் கூடினத நானே பாத்தேன். சும்மா பிரவுசர்ல படிச்சுக்கிட்டிருக்கும்போது விசிறி சுத்தறது நின்னே போச்சு.

ஆனா புதுசுலயே இருக்கறவன் ஒரு விலை கொடுக்கணும், அதையும் சொல்லணும். 2022 அக்டோபர் வாக்குல 5.19.12 வந்துச்சு. இன்டெல் லேப்டாப்புல திரை வெள்ளை வெள்ளையா மின்ன ஆரம்பிச்சுது. டிஸ்ப்ளேக்கு மின்சாரம் எத்தன மில்லி செகண்ட் தாமதிச்சுக் கொடுக்கணும்ங்கற கணக்கு தப்பாப் போயிருந்துச்சு. அப்படியே விட்டா பேனலே கெட்டுப் போகலாம், இதப் போடாதீங்கன்னு இன்டெல்லோட கிராஃபிக்ஸ் டிரைவர் எழுதறவரே எச்சரிச்சாரு. சில நாள்லயே 5.19.13 வந்து அத நீக்கிடுச்சு. என்னுது ஏ.எம்.டி.ங்கறதால எனக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அன்னிக்கே லினக்ஸ்-எல்டிஎஸ்ங்கற நெடுநாள் கெர்னல் பொதியையும் பக்கத்துல போட்டு வச்சுட்டேன். இன்னிவரைக்கும் ரெண்டும் இருக்கு. புதுசு கால வாரினா அஞ்சு நிமிஷத்துல பழசுல போய் நின்னுக்குவேன்.

டெஸ்க்டாப்பப் பத்தி எனக்கு அவ்வளவாத் தெரியாது. ஆய்வகம் பாத்துக்கற அண்ணன் யாராவது வந்து சொல்வாங்க.

---

ஆய்வக_மேசை எழுதியது:

வணக்கம் சகோதரி. திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் 60 கம்ப்யூட்டர் உள்ள ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கெர்னல் 2.4 காலத்தில் லினக்ஸுக்கு வந்தவன். உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். ஆதார் எண்ணைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டிருப்பது என் மனசில் நின்றுவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். 5.15 என்பது 2021 அக்டோபர் 31-ல் வெளிவந்தது, உண்மை. ஆனால் உங்கள் டெஸ்க்டாப்பில் இன்று ஓடுவது அன்று வந்த 5.15 அல்ல. ஓட்டு வீட்டுக்கு ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் உடைந்த ஓடுகளை எடுத்துவிட்டு நல்ல ஓடு செருகுவோம் இல்லையா, அதுபோல அந்த 5.15-க்குள் நாலு வருஷமாகத் திருத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. மிண்ட் 21.3 உட்கார்ந்திருப்பது உபுண்டு 22.04 என்ற இன்னொரு லினக்ஸ் மேல். அந்த உபுண்டுவின் கெர்னல் குழு 2027 வரை இந்த 5.15-க்குத் திருத்தம் கொடுக்கும். உங்கள் கெர்னல் எண்ணைப் பார்த்தால் 5.15.0 என்று போட்டு ஒரு சிறு கோடு, அதற்குப் பிறகு மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 5.15.0 மாறாமலே நிற்கும், கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் ஏறிக்கொண்டே வரும். உங்கள் அண்ணன் மகன் முன்னால் உள்ள எண்ணைத்தான் பார்த்திருக்கிறார்.

இப்போது 6.17-ஐப் பாருங்கள். இந்த 2025 செப்டம்பர் 28-ல் வந்தது. கெர்னல் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒன்று என்று வந்துகொண்டே இருக்கும். முதல் இரண்டு வாரம் புதுச் சரக்கையெல்லாம் உள்ளே எடுப்பார் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். பிறகு ஏழெட்டு வாரம் சோதனை வெளியீடு. அதன் பிறகு எண் போட்டு வெளிவரும். அடுத்தது 6.18. அது வந்து சில வாரத்தில் 6.17-க்குத் திருத்தம் வருவது நின்றுபோகும். இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். உங்கள் அண்ணன் மகன் அந்த 6.17-ஐ மிண்டின் வழியாகப் போடவில்லை. உபுண்டுக்காரர்கள் சோதனைக்காகக் கட்டி வைக்கும் மெயின்லைன் கிடங்கிலிருந்து கையால் இறக்கிப் போட்டிருக்கிறார். அப்படிப் போட்டதை உங்கள் அப்டேட் மேனேஜர் கண்டுகொள்ளாது. 6.17.1, 6.17.2 என்று திருத்தம் வந்தாலும் உங்களுக்கு வந்து சேராது. வருகிற பொங்கலுக்கு உங்கள் கடையில் இருக்கும் கெர்னல்களில் பழசு எது என்று கேட்டால், நான் 6.17 என்றுதான் சொல்வேன். 5.15-க்கு அன்றும் ஆள் இருப்பார்கள்.

அதனால் எது புதுசு எது பழசு என்பதைவிட, இதற்குத் திருத்தம் எழுதுகிறவர் யார், அது என் கம்ப்யூட்டருக்கு எந்த வழியாக வந்து சேர்கிறது என்றுதான் கேட்க வேண்டும். ஆய்வகத்தில் மாணவர்களுக்கும் நான் இதைத்தான் முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிறேன். "ஸ்டேபிள்" என்ற சொல் பாதிப் பேரைக் குழப்புகிறது. நான் வந்த காலத்தில் 2.4 நிலையானது, 2.5 சோதனை, ஒற்றைப்படை இரட்டைப்படை பார்த்தே சொல்லிவிடலாம். 2003 டிசம்பரில் 2.6 வந்த பிறகு அந்தக் கணக்கு போய்விட்டது. இன்று கெர்னலின் மூலத் தளமான கெர்னல்.ஆர்க் பட்டியலில் "ஸ்டேபிள்" என்றால் இப்போதைக்குத் திருத்தம் வரும் புது வெளியீடு, "லாங்டெர்ம்" என்றால் வருஷத்துக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுத்து நெடுநாள் திருத்தம் கொடுப்பது. 6.1, 6.6, 6.12 எல்லாம் அந்த வரிசை. கிரெக் குரோவா-ஹார்ட்மேனும் சாஷா லெவினும் பார்த்துக்கொள்கிறார்கள்.

இனி உங்கள் இரண்டு கம்ப்யூட்டரும்.

டெஸ்க்டாப்பில் நடந்தது இது. உங்கள் தனி கிராஃபிக்ஸ் அட்டைக்கு ஓடுவது கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர் அல்ல என்று தெரிகிறது. அட்டையைச் செய்தவர் தரும் டிரைவர் வெளியே தனியாக இருக்கும். ஒவ்வொரு கெர்னல் மாறும்போதும் அந்தக் கெர்னலுக்கு ஏற்ப அது உங்கள் கம்ப்யூட்டரிலேயே புதிதாகக் கட்டப்பட வேண்டும். அப்படிக் கட்ட அந்தக் கெர்னலின் ஹெட்டர் பொதி வேண்டும். மெயின்லைன் கிடங்கில் உள்ள புது ஹெட்டர் பொதி புதிய சி நூலகம் கேட்கும். உங்கள் மிண்டில் இருப்பது 2.35. பொதி ஏறாது, டிரைவர் கட்டப்படாது, திரை அடிப்படை முறையில் நிற்கும். "ஹெட்டர் உடைந்திருக்கிறது" என்று வருவதும், இரண்டாவது மானிட்டர் எரியாததும் ஒரே காரணத்தால்தான். ஹெட்டர் ஏறியிருந்தாலும் 2014 வாக்கில் வந்த அட்டைகளுக்கான டிரைவர் புதிய புதிய கெர்னல்களில் ஏறுவது சிரமம். அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள ஒவ்வொரு உறுப்பையும் 5.15-க்கு நன்றாகத் தெரியும். புதுசால் அதற்கு ஒரு லாபமும் இல்லை. 5.15-லேயே விடுங்கள்.

லேப்டாப்புக்கு மேலே தம்பி சொன்னது சரி, 6.2-க்கு மேல் வேண்டும். ஆனால் 6.17 வேண்டியதில்லை. உங்கள் மிண்டின் அப்டேட் மேனேஜரைத் திறந்து, "வியூ" பட்டியலில் "லினக்ஸ் கெர்னல்ஸ்" என்பதை அழுத்துங்கள். ஒரு எச்சரிக்கைப் பக்கம் வரும், தொடருங்கள். இடது பக்கம் 5.15-ஓடு 6.8-ம் இருக்கும். அதில் இருப்பதிலேயே மேலே உள்ளதைப் போடுங்கள். இது உபுண்டு குழு கையொப்பமிட்டுத் தருவது. செக்யூர் பூட்டைத் தொடவே வேண்டாம். கையொப்பம் இல்லாத கெர்னலை ஓட விடாமல் தடுப்பதுதான் செக்யூர் பூட்; லேப்டாப் "கையொப்பம் சரியில்லை" என்று நின்றது அது தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான். மெயின்லைன் கிடங்கில் உள்ளவை கையொப்பம் இல்லாதவை. ஊரார் ஆவணம் ஏறும் கம்ப்யூட்டரில் அந்தப் பூட்டைக் கழற்ற நான் சொல்ல மாட்டேன்.

கெர்னல்.ஆர்க் பக்கம் போய்ப் பார்த்தால் 6.8 பட்டியலிலேயே இருக்காது. பயப்படாதீர்கள். அங்கே 2024 மே மாதத்தோடு அதை நிறுத்திவிட்டார்கள். உபுண்டு 24.04-க்கு அதுதான் கெர்னல் என்பதால் உபுண்டு குழு தானே அதைச் சுமக்கிறது. நீங்கள் வாங்குவது அந்தக் குழுவிடமிருந்து. தம்பி சொன்ன பேட்டரி லாபம் 6.5-லேயே வந்துவிட்டதால் 6.8-லும் கிடைக்கும்.

வைஃபை இல்லாமல் எப்படி இறக்குவது என்று கேட்பீர்கள். போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, போனின் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் யுஎஸ்பி டெத்தரிங் போடுங்கள். அது 5.15-க்கே தெரியும்.

6.8 வந்ததும் 6.17-ஐ நீக்க வேண்டும். பூட் ஆகும்போது கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் கிரப், எப்போதும் எண்ணில் பெரியதைத்தான் முதலில் எடுக்கும். 6.17 இருக்கும்வரை தினமும் காலையில் உங்களுக்கு அந்த ஷிஃப்ட் வேலை இருக்கும். மிண்டில் பொதிகளைப் போடவும் எடுக்கவும் உள்ள சினாப்டிக்கில் 6.17 என்று தேடி, அந்த எண்ணோடு வரும் இமேஜ், மாட்யூல்ஸ், ஹெட்டர் மூன்றையும் எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது நீங்கள் 5.15-க்குள்ளோ 6.8-க்குள்ளோ இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை நீக்கக் கூடாது. டெஸ்க்டாப்பிலும் இதையே செய்யுங்கள். இரண்டிலும் ஓடும் கெர்னல் ஒன்று, அதற்கு முன்னால் நன்றாக ஓடியது ஒன்று, ஆக இரண்டு எப்போதும் இருக்கட்டும்.

நெடுநாள் கெர்னல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 9, சனிக்கிழமை. டெபியன் என்ற லினக்ஸின் 12.3 பதிப்பு அன்று வெளிவர வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் அப்போது 40 கம்ப்யூட்டரில் டெபியன் 12, கெர்னல் 6.1, நெடுநாள் வரிசை. வெளியீட்டை நிறுத்தியிருக்கிறோம், யாரும் இப்போது அப்டேட் போடாதீர்கள் என்று அறிவிப்பு வந்தது. 6.1.64-ல் எக்ஸ்ட்4 கோப்பு முறைக்கு ஒரு திருத்தத்தைப் புது கெர்னலிலிருந்து எடுத்துப் பழையதில் வைத்திருந்தார்கள். அந்தத் திருத்தம் நிற்பதற்கு இன்னொரு திருத்தம் அடியில் இருக்க வேண்டும். அது 6.1-ல் இல்லை. நேரடியாக வட்டில் எழுதும் சில வகை வேலைகளில் தரவு கெட்டுப்போக வழி இருந்தது. கோப்பு முறை என்றால் என்ன சகோதரி, மாணவன் மூன்று வருஷம் எழுதியது அதன் மேல்தான் இருக்கிறது. நான் ஞாயிறு காலை கல்லூரிக் காவலாளியிடம் சாவி வாங்கி, 40 கம்ப்யூட்டரிலும் தானாக அப்டேட் ஆவதை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். அன்றைக்கே 6.1.66-ஓடு டெபியன் 12.4 வந்துவிட்டது. எங்களுக்கு ஒரு கோப்பும் கெடவில்லை.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஜன்னல் ஓரம் உள்ள இரண்டு கம்ப்யூட்டருக்குத்தான் எந்தக் கெர்னல் அப்டேட்டும் முதலில் போகும். ஒரு வாரம் அதில் மாணவர்கள் வேலை பார்த்த பிறகுதான் மற்ற 58-க்கும். உங்களுக்கு இரண்டே கம்ப்யூட்டர், ஆனாலும் அதே முறை நடக்கும். முதலில் லேப்டாப்பில் போடுங்கள். பத்திரிகை வேலை இருக்கும் டெஸ்க்டாப்புக்கு ஒரு வாரம் கழித்து.

பிடிஎஃப் விஷயத்துக்கும் கெர்னலுக்கும் தொடர்பே இல்லை. வைஃபை, ப்ளூடூத், திரை, ஒலி, டச்பேட், மூடினால் தூங்குவது, வட்டில் எழுதுவது, இவைதான் கெர்னலின் பொறுப்பு. லிபரே ஆஃபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், பிரிண்டருக்கான கப்ஸ், எழுத்துரு எல்லாம் அதற்கு மேல் இருப்பவை. தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தாக மாறுகிறது என்றால், பாமினி மாதிரி பழைய குறிமுறை எழுத்துருவில் அடித்த கோப்பை யாரோ எழுத்துருவைச் சேர்க்காமல் பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த எழுத்துருவை உங்கள் கம்ப்யூட்டரில் நிறுவுங்கள். இல்லையென்றால் கொண்டுவந்தவரிடம் எழுத்துருவை உள்ளே சேர்த்து மறுபடி எடுத்து வரச் சொல்லுங்கள்.

---

பழைய_மடிக்கணினி எழுதியது:

ஒரு சின்ன விஷயம். ஆய்வக ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பழைய கம்ப்யூட்டர் என்றாலே பழைய கெர்னல்தான் என்று இதைப் படிக்கிற மற்றவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த இலவச மடிக்கணினியை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் அப்போது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். சென்னை சி-டாக் என்ற அரசு நிறுவனம் செய்த, டெபியன் மேல் கட்டின லினக்ஸ். நான் லினக்ஸ் பார்த்ததே அதில்தான். இரண்டு ஜிபி ராம். பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் மவுஸ் அப்படியே உறைந்துவிடும். 6.1-ல் எம்.ஜி.எல்.ஆர்.யூ. என்று ஒன்று வந்தது. நினைவகம் நிரம்பும்போது அதில் எந்தப் பகுதியை வெளியே தள்ளுவது என்று முன்னைவிட நன்றாகத் தேர்ந்தெடுக்கும். சில லினக்ஸில் அது தானாக ஓடும், சிலவற்றில் நாம்தான் இயக்க வேண்டும். இயக்கின பிறகு உறைவது நன்றாகக் குறைந்தது. இப்போது என் தங்கை அதில்தான் தட்டச்சுப் பழகுகிறாள். என் மடிக்கணினியில் தனி கிராஃபிக்ஸ் அட்டை கிடையாது. எல்லா டிரைவரும் கெர்னலுக்குள்ளேயே இருப்பதால் மேலே ஏறுவதில் சிக்கல் வரவில்லை. அக்காவின் டெஸ்க்டாப்பைக் கட்டிப் போட்டிருப்பது அந்த அட்டை ஒன்றுதான்.

---

மணிமுத்தாறு எழுதியது:

நேற்று ராத்திரி கடையைச் சாத்திவிட்டு லேப்டாப்பில் உட்கார்ந்தேன். எஸ்கேப் அழுத்தி 5.15-க்குள் போனேன். போனைக் கேபிளில் செருகினேன், நெட் வந்தது. ஐயா சொன்ன இடத்தில் 6.8 இருந்தது. போட்டேன். 6.17-ஐ சினாப்டிக்கில் எடுத்தேன். மறுபடி பூட் பண்ணினேன்.

வைஃபை பட்டியல் வந்தது! எங்கள் தெருவில் இத்தனை வைஃபை இருப்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும். செக்யூர் பூட்டைத் தொடவில்லை.

அண்ணன் மகனுக்கு இந்தப் பக்கத்தை அனுப்பினேன். முழுசாகப் படித்துவிட்டு, "கையால போட்டா அப்டேட் வராதுங்கறது எனக்குத் தோணவே இல்ல அத்தை" என்றான். நல்ல பிள்ளை. எனக்கு நல்லது செய்யத்தான் நினைத்தான்.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது ஐயா. பழைய கெர்னலில் யாருக்கும் தெரியாமல் ஓட்டை இருந்தால்? திருத்தம் வருகிறது என்கிறீர்கள். கண்டுபிடித்ததற்குத்தானே திருத்தம் வரும்?

டெஸ்க்டாப்பை இந்த வாரம் செய்யலாமா?

---

ஆய்வக_மேசை எழுதியது:

வைஃபை வந்ததில் ரொம்ப சந்தோஷம் சகோதரி.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. இரண்டு ஓட்டைகளைச் சொல்கிறேன். இரண்டும் ஊர் அறிந்தவை.

டர்ட்டி கவ் என்று ஒன்று 2016 அக்டோபரில் வெளியே தெரிந்தது. கம்ப்யூட்டரில் சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ளவர், ஆகிவிடலாம். அந்தப் பிழை 2007-ல் வந்த 2.6.22-லிருந்தே உள்ளே இருந்தது. ஒன்பது வருஷம் யார் கண்ணிலும் சரியாகப் படாமல் இருந்திருக்கிறது. பழையது, சோதித்தது என்பதால் ஓட்டை இருக்காது என்று சொல்ல முடியாது. உங்கள் சந்தேகம் சரிதான்.

டர்ட்டி பைப் 2022 மார்ச்சில் வெளிவந்தது. மேக்ஸ் கெல்லர்மேன் என்பவர் கண்டுபிடித்தார். அவர் ஓட்டையைத் தேடிப் போகவில்லை. சர்வர் பதிவுக் கோப்புகள் சிலவற்றை விரிக்க முடியவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் புகார் சொன்னார். கோப்பின் கடைசி சில பைட்டுகள் ஏன் இப்படிக் கெடுகின்றன என்று மாதக்கணக்காகத் துரத்திக்கொண்டு போய் கெர்னலில் வந்து நின்றார். அந்தப் பிழை 5.8-லிருந்துதான் பயன்படுத்தக்கூடிய ஓட்டையாயிற்று. அன்று 5.4-ல் இருந்தவர்களை அது தொடவே இல்லை, புதியதில் இருந்தவர்களைத்தான் தொட்டது. 5.16.11, 5.15.25, 5.10.102 மூன்றிலும் திருத்தம் வந்தது. நெடுநாள் வரிசையில் இருந்தவர்களுக்கும் புதியதில் இருந்தவர்களுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது என்பதைக் கவனியுங்கள். கையால் போட்ட கெர்னலில் இருந்தவர்கள் தாங்களே தேடிப் போய் எடுக்க வேண்டியிருந்தது.

ஆகவே தெரியாத ஓட்டைக்கு எந்தக் கெர்னலிலும் மருந்து இல்லை. தெரிந்துவிட்டால் மருந்து எவ்வளவு சீக்கிரம் நம் வீட்டு வாசலுக்கு வரும் என்பதுதான் நம் கையில் இருக்கிறது. உங்கள் இரண்டு கம்ப்யூட்டருக்கும் இப்போது அந்த வழி திறந்திருக்கிறது. அப்டேட் மேனேஜரில் கெர்னல் என்று வந்தால் லேப்டாப்பில் அன்றே, டெஸ்க்டாப்பில் ஒரு வாரத்துக்குள். "பெரிய ஓட்டை, உடனே போடுங்கள்" என்று செய்தியில் வந்தால் மட்டும் அந்த ஒரு வாரத்தைப் பார்க்காதீர்கள். வாடிக்கையாளர் உட்காரும் கம்ப்யூட்டரில் உங்கள் கணக்கைக் கொடுக்காமல், கடவுச்சொல் வேறாக ஒரு சாதாரணக் கணக்கு வைத்துக் கொடுங்கள். நான் சொன்ன இரண்டு ஓட்டையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்கெனவே ஒரு கால் வைத்தவருக்குத்தான் பயன்படும்.

டெஸ்க்டாப்பை இந்த வாரமே செய்யலாம். அங்கே புதிதாக ஒன்றும் போடப்போவதில்லை, 6.17-ஐ எடுப்பது மட்டும்தான். எடுத்து முடிந்ததும் அந்த ஹெட்டர் புகாரும் போய்விடும். டிரைவர் மேனேஜரைத் திறந்து கிராஃபிக்ஸ் டிரைவர் பழையபடி தேர்வாகி இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பத்திரிகைக் கோப்புகளை அதற்கு முன்னால் ஒரு வெளி வட்டில் எடுத்து வையுங்கள்.

எந்த நாளில் செய்வது என்பதை மட்டும் பாருங்கள். உங்கள் ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்நிறுத்தம் என்றைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கெர்னலைப் போடும்போதோ எடுக்கும்போதோ கம்ப்யூட்டர் பூட் ஆவதற்கான கோப்பை மறுபடி எழுதும். பாதியில் மின்சாரம் போனால் அந்தக் கோப்பு அரைகுறையாக நின்றுவிடும். யூபிஎஸ்ஸில் பேட்டரி நன்றாக இருந்தால் பரவாயில்லை. இல்லையென்றால் அந்த நாளுக்கு மறுநாள் காலை, கடை திறந்ததும் செய்யுங்கள். பத்து நிமிஷ வேலைதான். இரண்டு மானிட்டரும் எரிந்ததும் இங்கே வந்து ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.